பஸ் ஒதுங்கிப் போன இடம்

எங்கள் தெருவில் அவளை எல்லோரும் பொம்மைக்காரி என்றுதான் சொன்னார்கள். பொம்மை செய்து விற்கிறவள் இல்லை, கம்ப்யூட்டரில் பொம்மையை ஓடவிடுகிறவள். சோப்பு விளம்பரத்தில் ஒரு நுரை கிளம்பி, குழந்தையின் மூக்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே போகுமே, அந்த மாதிரி நுரைகளை வழியனுப்பி வைக்கிற வேலை. மாடியில் குடியிருந்தாள். கீழே என் ஜெராக்ஸ் கடை. மத்தியானம் கடையில் ஈ ஓட்டுகிற நேரம்தான் அதிகம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மேலே போய், அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். எனக்கு அது சினிமா பார்ப்பது போல.

வேலைக்கென்று தனி அறை கிடையாது. படுக்கையறை ஜன்னலோரம் ஒரு மேஜை. ஒரு பக்கம் மடிக்காத துணி மலையாகக் கிடக்கும். இன்னொரு பக்கம் மகளின் பள்ளிக்கூடப் பை, பாதி கடித்த பென்சில்கள். நடுவில் அந்தப் பெரிய திரை.

"எப்படிடி இது வளைஞ்சு வளைஞ்சு போகுது?" என்று முதல் தடவை கேட்டேன்.

"ரொம்ப சுலபம்க்கா. இங்க ஒரு புள்ளி, அங்க ஒரு புள்ளி, நடுவுல ஒரு கோடு. கோடுதான் வழி. வழியில பந்தை ஏத்திவிட்டா அது பாட்டுக்குப் போயிடும்."

"கோடு நேரா இருக்கே."

"இருங்க." புள்ளியைத் தட்டினாள். இரண்டு பக்கமும் மெல்லிசாக இரண்டு கம்பி முளைத்தது. "இதுக்கு நான் மீசைன்னு பேர் வெச்சிருக்கேன். மீசையைப் பிடிச்சு இழுத்தா கோடு வளையும்."

"வீட்டுலயும் அப்படித்தானா?"

"அவருக்கு மீசையே இல்லையேக்கா, நான் எதைப் பிடிச்சு இழுக்க?"

சிரித்து முடித்துவிட்டு, பந்தை எடுத்துவிட்டு ஒரு காரை வைத்தாள். கார் வளைவில் போனது, ஆனால் முகத்தைத் திருப்பாமல், நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தது. "வழி வளைஞ்சா மட்டும் போதாதுக்கா. வழியைப் பார்த்துத் திரும்புன்னு தனியாச் சொல்லணும். சொன்னாத்தான் கேக்கும்." எதையோ அழுத்தினாள். கார் சட்டென்று உயிர் வந்தது போல, வளைவைப் பார்த்து மூக்கைத் திருப்பிக்கொண்டு போனது. கோட்டின் மேல் எறும்பு வரிசை போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். நெருக்கமாக இருந்தால் வண்டி மெதுவாகப் போகிறது, தள்ளித் தள்ளி இருந்தால் வேகம். அதையும் அவள்தான் சொன்னாள்.

இன்னொன்றும் சொன்னாள். "நேர்கோட்டுல போற வரைக்கும் அது வெறும் பொருள்தான்க்கா. ஒரு இடத்துல வளைஞ்சு போச்சுன்னு வைங்க, பாக்கறவங்களுக்கு அதுக்குள்ள ஒரு மனசு இருக்குன்னு தோணிடும். ஏன் வளைஞ்சதுன்னு யோசிக்க ஆரம்பிச்சுடுவாங்க."

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஊரிலிருந்து கிளம்பும் முதல் வண்டி அவருடையது. அதிகம் பேச மாட்டார். அவர் ஓட்டுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே டீ குடித்தாலும் ஒரு சொட்டு சிந்தாது என்று நானே பார்த்திருக்கிறேன். கூடவே ஓடுகிற கண்டக்டர் பையன் ஆளே வேறு மாதிரி. வாய் ஓயாது. லீவு நாளானால் இவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. படியேறும்போதே "அண்ணி, இன்னைக்கு என்ன தீயுது?" என்று சத்தம் போட்டுக்கொண்டு வருவான்.

அது பனிக்காலம். விடிந்த பிறகும் எதிர் வீட்டுக் கதவு தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கிக் கிடந்த நாட்கள். அப்படி ஒரு காலையில்தான் முதல் பஸ் பெரிய வளைவில் சாலையை விட்டு இறங்கி, இடது பக்கத்துப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது என்று சேதி வந்தது. நான் கடை திறந்துகொண்டிருந்தேன். அவள் மேலேயிருந்து ஒரு காலில் மட்டும் செருப்போடு இறங்கி வந்தாள். மகளை என் கையில் கொடுத்தாள்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, யாருக்கும். பயணிகளுக்குச் சிராய்ப்பும் வீக்கமும். டிரைவருக்குத் தலையில் அடி. கண்டக்டர் முன்படியில் நின்றிருந்தான். அவனுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போயிருந்தது. எடுத்துவிட்டார்கள்.

டிரைவர் கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பஸ் எங்க?" என்பதுதான். டெப்போவில் டீ குடித்தது வரைக்கும் நினைவிருந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்தது மாதிரி.

முன் சீட்டில் இருந்த பெரியவர் ஒருவர், "டிரைவர் தலை தொங்கிப் போயிருந்துச்சு, நான் என் கண்ணால பார்த்தேன்" என்று சொல்லிவிட்டார். அது அப்படியே ஊரெல்லாம் பரவிவிட்டது. தூங்கிவிட்டான். வளைவு வலது பக்கம் திரும்புகிறது, வண்டி நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்திருக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார்கள். பஸ் ஆபீஸில் விசாரணை வைப்பதாகவும் சொன்னார்கள்.

எல்லாவற்றையும் விட மோசம், டிரைவரே அதை நம்ப ஆரம்பித்ததுதான்.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு அவர் ஹாலில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சோற்றைப் பிசைவார், வாயில் வைக்க மாட்டார். மகள் மடியில் ஏறினால் மெதுவாக இறக்கி விடுவார்.

"முந்தின ராத்திரி பாப்பாவுக்குக் காய்ச்சல். தோள்ல போட்டுட்டு நடந்துட்டே இருந்தேன். தூக்கம் சரியா இல்ல. தூங்கித்தான் இருப்பேன்" என்றார் ஒரு நாள், நான் இருக்கும்போதே.

"என்னங்க, நீங்க தூங்கினது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள் அவள்.

"தூங்கினவனுக்குத் தூங்கினது எப்படிம்மா ஞாபகம் இருக்கும்?"

"அப்ப தூங்கலன்னும் சொல்ல முடியாதுல்ல?"

"வேற எப்படி வண்டி அங்க போகும்? நான் போயி ஒத்துக்கிட்டு வந்துடறேன். அந்தப் பையன் மூஞ்சியில முழிக்கவாவது ஒரு யோக்கியதை வரட்டும்."

அந்தப் பையன் முகத்தில் முழிக்க அவரால் முடியவில்லை. அவள்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். நானும் ஒரு தடவை கூடப் போனேன். கண்டக்டர் தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு பேசுகிறவன், எங்களைக் கண்டு தலையை மட்டும் ஆட்டினான்.

"அண்ணன் தூங்கினாரான்னு எனக்குத் தெரியாது அண்ணி. நான் உள்பக்கம் திரும்பி ஒரு அம்மாவுக்கு டிக்கெட் கிழிச்சுட்டு இருந்தேன். ஒரு பக்கமா ஆட்டுச்சு. அவ்வளவுதான் தெரியும்."

"அவர் உன்னைப் பாக்கணும்னு..."

"தூங்கியிருந்தா வர வேணாம்னு சொல்லுங்க." குரல் உயரவே இல்லை. "வேற எதுன்னாலும் பரவாயில்ல. தூங்கிட்டு என் காலை எடுத்துட்டார்னா, என்னால தாங்க முடியாது அண்ணி."

திரும்பி வரும்போது என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். ஒரு இடத்தில் திடீரென்று தோளைத் தட்டினாள். "அக்கா, வளைவுக்கு விடுங்க."

பெரிய வளைவுக்கு நான் பல தடவை போயிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. ஊர் முடிந்து சாலை நேராக ஓடி, வலது பக்கமாக நீளமாகத் திரும்புகிறது. திரும்புவதற்குச் சற்று முன்னால் இடது பக்கம் ஒரு சந்து பிரிந்து அரசு ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்குப் போகிறது. சாலையின் விளிம்பு உடைந்து பல்லிளித்துக் கிடந்தது. பஸ்ஸைத் தூக்கிப் போயிருந்தார்கள். பள்ளத்தில் கண்ணாடித் தூளும், நசுங்கிய புதரும், யாருடையதோ ஒற்றைச் செருப்பும்.

தார் மேல் கறுப்பாக டயர் தேய்ந்த தடம். பள்ளத்துக்குப் பக்கத்தில்தான் அது தெளிவாகத் தெரிந்தது. "விழப் போகும்போது முழிச்சு பிரேக் போட்டிருப்பான்" என்று எல்லோரும் சொன்ன தடம் அதுதான். அவள் அதோடு நிற்கவில்லை. குனிந்துகொண்டே பின்னோக்கி நடந்தாள். வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது.

"இங்கயும் இருக்குக்கா."

எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பூச்சு வேலை செய்துகொண்டிருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு, கைப்பிடி இல்லாத படியில் சுவரைப் பிடித்தபடி ஏறிக் கான்கிரீட் தளத்துக்குப் போனோம். கீழே நிற்கும்போது அழுக்கு மாதிரி தெரிந்தது, மேலேயிருந்து ஒரே கோடாகத் தெரிந்தது. பெரிய ஆள் ஒருவர் பெரிய பேனாவால் ஒரே இழுப்பில் இழுத்தது போல. நேராக வந்து, சந்து பிரியும் இடத்துக்கு முன்னால் வலது பக்கம் விலகி, மறுபடி இடது பக்கம் திரும்பி, வளைவில் பிடி கிடைக்காமல் பள்ளத்தை நோக்கிச் சறுக்கியிருந்தது.

அவள் போனில் படம் படமாக எடுத்தாள். படம் ஆடாமல் இருக்க என்னைத் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

அடுத்து வந்த மத்தியானங்களில் நுரையும் பட்டாம்பூச்சியும் ஓரமாகப் போய்விட்டன. அந்தப் படத்தைத் திரையில் விரித்து, அதன் மேல் சாலையை வரைந்தாள். சந்து பிரிகிற இடத்தை வரைந்தாள். பிறகு ஒரு பஸ். மேலேயிருந்து பார்க்கிற பஸ், தீப்பெட்டி மாதிரி. முதலில் எல்லோரும் சொன்னபடி ஓட்டிப் பார்த்தாள். தூங்குகிறவர் கை. நேர்கோடு, நேராகப் பள்ளம். பஸ் விழுந்தது. டயர் தடம் ஒரு பக்கம் கிடந்தது, பஸ் ஒரு பக்கம் போனது.

"ஒட்டல" என்றாள்.

அப்புறம் புள்ளி வைத்தாள், மீசையை இழுத்தாள், பஸ்ஸை ஏற்றிவிட்டாள். ஒட்டவில்லை. முன் சக்கரம் தடத்தில் போனால் பின் சக்கரம் வெளியே போனது. மறுபடி. வேகத்தைக் கூட்டினால் வால் வீசியது, குறைத்தால் பள்ளம் வரைக்கும் போகவே மாட்டேன் என்றது. உலையில் தண்ணீர் வற்றித் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் அடுப்பு ஞாபகம் வரும், ஓடுவாள். மகள் பள்ளியிலிருந்து வந்து பையை எறிவாள். ஹாலில் டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். உள்ளே அவருடைய பஸ் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் நான் போனபோது அவள் மௌஸில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒட்டிடுச்சுக்கா."

ஓடவிட்டாள். பஸ் வந்தது. வலது பக்கம் விலகியது. அந்த விலகலில் அவசரம் இருந்தது, ஆனால் முரட்டுத்தனம் இல்லை. ஒரு கை ஸ்டீயரிங்கைப் பிடுங்கித் திருப்பவில்லை, சீராகத் திருப்பியிருந்தது. கோட்டின் மேல் எறும்புப் புள்ளிகள் அங்கேயே நெருங்க ஆரம்பித்திருந்தன. வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே பிரேக்கில் கால் இருந்திருக்கிறது. விலகிய பஸ் மறுபடி தன் பக்கத்துக்கு வரப் பார்த்தது. ஈரத் தார். பின்பக்கம் கேட்கவில்லை. சறுக்கி, சாய்ந்து, போய்விட்டது.

"இது அவர் கைக்கா" என்றாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவே இல்லை. "பைக்ல பின்னாடி உக்காந்தா குழிக்கு இப்படித்தான் ஒதுக்குவார். நான் ஒரு கோடு கூடச் சொந்தமா போடல. தடம் சொன்ன மாதிரி போட்டேன். அதுல அவர் வந்து உக்காந்துட்டார்."

என் வாயிலிருந்து அந்தக் கேள்வி யோசிக்காமலே வந்தது. "எதைச் சுத்திட்டுப் போகுது? நடுவுல என்ன இருக்கு?"

திரையைப் பார்த்தோம். பஸ் விலகிய இடத்துக்கும் சாலை விளிம்புக்கும் நடுவில் வெறும் சாலை. ஒன்றுமே இல்லை. ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு வெற்றிடம்.

இரண்டு பேருக்கும் அது ஒரே நேரத்தில் உறைத்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ காய்கறி விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த அறையில் மூன்றாவதாக ஒரு ஆள் வந்து நிற்பது போல இருந்தது.

டிரைவரைக் கூப்பிட்டாள். முதலில் வரமாட்டேன் என்றார். மகள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். நின்றுகொண்டே பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது முறை ஓடும்போது நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் கைகளைத்தான் பார்த்தேன். மார்புக்கு நேராக இரண்டு கையும் தானாக எழுந்து, இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்து, திரையில் பஸ் திரும்புவதற்கு ஒரு கண்ணிமைப்புக்கு முன்னால் வலது பக்கம் திரும்பின. வலது கால் தரையை அழுத்தியது. அவருக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. கைக்கு மட்டும் இருந்தது.

"தூங்கறவன் இப்படித் திருப்ப மாட்டான்" என்றார் மெதுவாக.

"மாட்டான்ங்க."

கொஞ்ச நேரம் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன். மறு நிமிடம் அந்த முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"அப்ப அங்க யாரோ இருந்திருக்காங்க. அவங்களுக்கு என்ன ஆச்சு?"

நாங்கள் யாரும் அதுவரைக்கும் யோசிக்கவில்லை.

"என்னங்க, அதான் ஒதுங்கிடுச்சே..."

"முன்பக்கம் ஒதுங்குச்சு. வால் வீசியிருக்கே, பாரு. தட்டிவிட்டிருந்தா? பஸ்ல இருந்தவங்களை எல்லாம் தூக்கிட்டுப் போனாங்க. வெளிய கெடந்தவங்களை யார் தேடினா?"

சட்டை கூட மாற்றாமல் இறங்கிவிட்டார். அன்று சாயங்காலம் வரைக்கும் அந்தப் பள்ளத்துப் புதரையெல்லாம் வெறுங்கையால் விலக்கி விலக்கிப் பார்த்தார். கை முழுக்க முள் கிழித்த ரத்தம். ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டார், வேறு யாரையும் கொண்டு வரவில்லை என்றார்கள். நம்பவில்லை. "காணாமப் போனவங்க யாராவது உண்டா?" என்று வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். தூங்கினோம் என்று நினைத்தபோது இருந்த அமைதி கூட இப்போது அவரிடம் இல்லை.

அவள்தான் முடிவெடுத்தாள். "அந்த நேரத்துல அந்த ரோட்டுல நடக்கிற ஆள் ஒருநாள் மட்டும் நடந்திருக்க மாட்டாங்க. நாமளும் அதே நேரத்துக்குப் போயி நிப்போம்."

மறுநாள் விடியக் கிளம்பினோம். மகளை என் தங்கை வீட்டில் விட்டிருந்தோம். அந்தப் படத்தை ஏற்றிய லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் வந்தாள். அன்றைக்கும் பனி. நீட்டிய கை மங்கலாகத் தெரிந்தது. சந்துக்கு முன்னால், அந்த வெற்றிடத்துக்குப் பக்கத்தில், சாலையோரம் மூன்று பேரும் நின்றோம். மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியது. ஒரு பால் வண்டி போனது. ஒரு சைக்கிள் போனது, மணியடித்துக்கொண்டே.

முதலில் வாசனைதான் வந்தது. சூடான ரொட்டி வாசனை. அந்தக் குளிரில், ஆளும் இல்லாமல் அரவமும் இல்லாமல், பனிக்குள்ளிருந்து ரொட்டி மணந்தது. அப்புறம் சக்கரம் உருளும் சத்தம். அப்புறம்தான் ஆள். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஏப்ரன், தலையில் வெள்ளைத் துணி, வெள்ளைப் பெயின்ட் அடித்த தள்ளுவண்டி. முடி, புருவம் எல்லாம் மாவு. பனியிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து நடந்து வருவது போல வந்தார். விளிம்பு உடைந்திருந்ததால் சாலையின் உள்பக்கமாகவே தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஐயா!" என்று கத்தினார் டிரைவர். "ஐயா, கொஞ்சம் நில்லுங்க!"

அந்த ஆள் திரும்பவே இல்லை. எங்களைக் கடந்து போனார்.

"ஐயா, உங்களைத்தான்!"

அவள் ஓடிப் போய் வண்டிக்கு முன்னால் நின்றாள். அவர் திடுக்கிட்டு நின்றார். அவள் உதட்டைப் பார்த்தார். பிறகு தன் காதைத் தொட்டு, கையை விரித்து ஆட்டினார். கேட்காது.

டிரைவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். எத்தனை ஹாரன் அடித்திருந்தாலும் இவருக்கு எட்டியிருக்காது.

ஆஸ்பத்திரிக் கேன்டீனுக்குத் தினமும் ரொட்டி கொண்டுபோகிறவர் என்பது பிறகு தெரிந்தது. அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது, அவருக்கும் எங்களை யாரென்று தெரியாது. எப்படிக் கேட்பது? நான் கையை ஆட்டி ஏதேதோ செய்தேன். ரொட்டி வாங்க வந்தவள் என்று நினைத்து மூடியைத் திறக்கப் போனார். அவள் லேப்டாப்பை எடுத்து வண்டியின் மூடி மேல் வைத்துத் திறந்தாள்.

ஓடவிட்டாள்.

அவர் குனிந்து பார்த்தார். சத்தமில்லாத படம். அவருக்கு அதுதான் வசதியாக இருந்திருக்க வேண்டும். திரையில் இருந்த சந்தைக் காட்டினார், நிமிர்ந்து எதிரே இருந்த சந்தைக் காட்டினார். ஆமாம் என்று தலையாட்டினாள். மறுபடி போட்டாள். பஸ் வந்தது, விலகியது, சுற்றிக்கொண்டு போனது, சறுக்கியது, விழுந்தது. அவர் புருவத்தைச் சுருக்கினார். வளைவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே பஸ் விழுந்ததை யாராவது சொல்லித் தெரிந்திருக்கலாம், எந்த நாள் என்று யார் சொல்லியிருப்பார்கள்? அவர் எப்போதும் சந்தில் திரும்பிவிடுகிறவர். வளைவு வரைக்கும் போவதில்லை.

மூன்றாவது தடவை பஸ் வரும்போது, அவர் மாவு படிந்த ஆள்காட்டி விரலைத் திரையில் அந்த ஒன்றுமில்லாத இடத்தில் வைத்தார். எடுக்கவில்லை. பஸ் வந்து அவருடைய விரலைச் சுற்றிக்கொண்டு போனது.

மறுபடி, என்று சைகை காட்டினார். விரல் அங்கேயே இருந்தது. பஸ் மறுபடி வந்தது, மறுபடி சுற்றிக்கொண்டு போனது, மறுபடி விழுந்தது. அவர் அந்த விரலை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். ஏப்ரனைப் பிடித்துப் படபடவென்று ஆட்டிக் காட்டினார். அன்றைக்கு பஸ் கடந்தபோது அடித்த காற்று. வண்டியைக் குலுக்கிக் காட்டினார். அப்புறம் கையை வீசி, போய்விட்டது என்று காட்டினார். தினமும் எத்தனை வண்டி உரசுவது போலப் போகிறது, அதில் ஒன்று என்றுதான் நினைத்திருக்கிறார். தன் உயிரைக் காத்த பஸ் தன்னைத் தாண்டிப் போய்ப் பனிக்குள் விழுந்தது தெரியாமல் ரொட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

நான் கடவுள் பக்தி அதிகம் உள்ளவள் இல்லை. ஆனால் அந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும் போல இருந்தது.

யார் ஓட்டியது என்று அவர் கையால் கேட்டார். அவள் டிரைவரைக் காட்டினாள். டிரைவர் தரையிலிருந்து எழுந்து, அந்த ஆளின் தோள், கை, முதுகு எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று. சந்தையில் பாத்திரம் வாங்குகிறவர் ஓட்டை பார்ப்பது போல. "ஒண்ணும் ஆகலையே? ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்காத காதுக்கு அது போய்ச் சேர்ந்தது என்றே நினைக்கிறேன். ரொட்டிக்காரர் அவருடைய இரண்டு கையையும் பிடித்து நிறுத்தினார். முள் கிழித்த கோடுகள் மேல் மாவு ஒட்டிக்கொண்டது.

விசாரணையில் அந்தப் படத்தைச் சுவரில் போட்டுக் காட்டினார்கள். ரொட்டிக்காரர் வெள்ளை உடுப்போடு வந்து சைகையில் சொன்னார், அவர் சைகை பழகிய கேன்டீன் அம்மா அதை வாயால் சொன்னார். தலை தொங்கியதைப் பார்த்த பெரியவரும் வந்திருந்தார். அவரிடம் நிதானமாகக் கேட்டபோது, பஸ் விழுந்து நின்ற பிறகுதான் கண் விழித்தேன், அப்போது பார்த்தேன் என்றார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. தூங்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். மூடுபனியில் இன்னும் மெதுவாக வந்திருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். அது உண்மைதான் என்று டிரைவரும் சொன்னார். சில மாதம் வண்டி தராமல் ஒர்க்ஷாப்பில் போட்டார்கள். முணுமுணுக்காமல் போய் வந்தார்.

கண்டக்டர் வீட்டுக்குப் போனது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ரொட்டிக்காரரும் வருவேன் என்று சைகை காட்டி, பெரிய ரொட்டி ஒன்றைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். டிரைவர் வாசல் வரைக்கும் வந்துவிட்டு, உள்ளே கால் வைக்காமல் நின்றுவிட்டார்.

கண்டக்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. அவள் லேப்டாப்பை அவன் மடியில் வைத்தாள். பார்த்தான். ஒரு தடவை, இரண்டு தடவை. பஸ் சாய்கிற இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டான்.

"இவரா?" என்று கேட்டான்.

"இவர்தான்ப்பா."

ரொட்டிக்காரருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மடித்து விட்டிருந்த பேன்ட் காலைப் பார்த்தார், உடனே ரொட்டியைப் பார்த்தார். அதைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கண்டக்டர் அவரை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தான். பார்வை பாதத்தில் வந்து நின்றது. ரப்பர் செருப்பு தேய்ந்து, குதிகாலில் மாவு வெடிப்போடு வெடிப்பாகப் படிந்திருந்தது. சமையலறையில் அவன் அம்மா பாத்திரம் வைத்த சத்தம் கூடப் பெரிதாகக் கேட்டது.

"அண்ணி, அவரைக் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க."

"என்னப்பா?"

"சும்மா. இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும்."

அவள் கையால் சொன்னாள். ரொட்டிக்காரருக்கு எதற்கென்று புரியவில்லை, ஆனாலும் நடந்தார். சுவர் வரைக்கும் போனார், திரும்பினார், வந்தார். வண்டி தள்ளிப் பழகிய நடை, கொஞ்சம் முன்னால் சாய்ந்து. கண்டக்டர் அந்தக் கால்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை."

மறுபடி நடந்தார். இந்தத் தடவை, எதற்கென்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார்.

"ம்" என்றான் கண்டக்டர். மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "நல்லாத்தான் நடக்கிறார்."

பிறகு வாசல் பக்கம் கழுத்தை நீட்டி, பழைய சத்தத்தில் கூப்பிட்டான்.

"உள்ள வாங்கண்ணே. ஏன் அங்கயே நிக்கிறீங்க?"